விஷாலினி வாங்கிய மூன்று

சோமுவின் வீட்டில் முருகன் படத்துக்கு வலப்பக்கம் ஒரு காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டப்பட்டிருந்தது. அவர் மகள் விஷாலினி சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பை முடித்தபோது ஹார்ட்வெல் தோட்டத் தமிழ்ப்பள்ளி கொடுத்த மதிப்பீட்டு அறிக்கை அது. தமிழ் ஐந்து, மலாய் ஐந்து, கணிதம் ஐந்து. அடைவுநிலை ஒன்றில் தொடங்கி ஆறில் முடியும். ஆறு என்பது தெய்வப் பிறவிகளுக்கு, ஐந்து என்பது மனிதர்களில் சிறந்தவர்களுக்கு என்பது சோமுவின் விளக்கம். வீட்டுக்குள் வரும் எவரும், சமையல் கேஸ் தோம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் ஆள் உட்பட, அந்தக் காகிதத்தைப் படிக்காமல் வெளியேற முடியாது.

சோமு செம்பனை எண்ணெய் ஆலையில் கிரேடர். அசாம் ஜாவா ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து லோரிகளில் வரும் பழக்குலைகளைத் தரையில் கொட்டியதும், நீண்ட இரும்புக் கொக்கியால் புரட்டிப் பார்த்து, பழுத்தது, அரைப்பழம், காய் என்று பிரிப்பது அவர் வேலை. குலையிலிருந்து பழங்கள் தாமாக உதிர்ந்த குழிகளை அவர் கண் எண்ணிவிடும். பதினாறு வருடங்களில் அவர் பிரித்ததை மேலாளர் ஒருமுறைகூட மாற்றியதில்லை. "சோமு பாத்தாச்சா? அப்ப சரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் சோமுவின் முதுகு ஓர் அங்குலம் நிமிரும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் உமாபதியின் லோரி வந்தது. உமாபதி சோமு குடியிருக்கும் தோட்டத்துக்காரன், பள்ளியில் சோமுவுக்கு மூன்று வருடம் இளையவன். கொட்டிய குவியலிலிருந்து சோமு நான்கு குலைகளைக் கொக்கியால் இழுத்துத் தனியே போட்டார்.

"அண்ணே, அத விட்டுருங்கண்ணே. நான் நம்ம ஆளுலா."

"நீ நம்ம ஆளுதான். குலை நம்ம குலையா? ஒரு பழம்கூட உதிரல."

"ரெண்டு நாளு வெயில்ல கெடந்தா சரியாயிரும்."

"வெயில்ல கெடந்தா வத்தல் ஆகும்லா. பழமா ஆகும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உமாபதிக்கு முகம் சுண்டியது. லோரிக் கதவில் சாய்ந்தபடி சொன்னான்.

"ஒங்க கண்ணுக்கு எல்லாமே காய்தான். இப்ப பள்ளிக்கூடத்துலயும் ஒங்கள மாதிரி ஒரு கிரேடர் வந்துட்டாங்க. புது டீச்சர். எங்க சரணுக்கு ரெண்டு போட்டிருக்காங்க. ஒங்க புள்ளைக்கு மூணாமே? கேள்விப்படல?"

சோமு கேள்விப்படவில்லை. அரையாண்டு அறிக்கை அன்று காலைதான் பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், எண்ணெய் படிந்த பூட்ஸோடு பள்ளிக்குப் போனார். சுற்றிலும் செம்பனை மரங்கள் நிற்க, நடுவே நீல வேலிக்குள் பள்ளி. மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். நான்காம் ஆண்டில் ஐந்தே பேர். ஜனவரியில் அந்த வகுப்பைப் பொறுப்பேற்ற மோகனா டீச்சர் தினமும் புக்கிட் செந்தோசா நகரிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருபவள். வயது இருபத்தேழு. பிள்ளைகள் போன பிறகும் வகுப்பில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எம்புள்ள என்ன தப்பு செஞ்சா?"

"உக்காருங்க சார். ஒரு தப்பும் செய்யல. நல்லா வந்துக்கிட்டு இருக்கா."

"நல்லா வர்ற புள்ள அஞ்சிலேர்ந்து மூணுக்கு எறங்குமா?"

"எறங்கல. ரெண்டுலேர்ந்து மூணுக்கு ஏறியிருக்கா. ஜனவரியில நான் பாத்தப்ப தமிழ் ரெண்டுதான் இருந்துச்சு."

"அப்ப போன வருஷம் வாங்கின அஞ்சு?"

மோகனா ஒரு கணம் அலுவலக அறைப் பக்கம் பார்த்தாள். "அத நான் பாக்கல சார். நான் பாத்ததத்தான் நான் எழுத முடியும்."

இதே வார்த்தையை ஆலையில் எத்தனையோ லோரிக்காரர்களிடம் சோமு சொல்லியிருக்கிறார். ஆனால் கோபத்தில் இருப்பவனுக்குத் தன் வார்த்தையே அடையாளம் தெரியாது.

"டவுன்லேர்ந்து வர்றீங்க. தோட்டத்துப் புள்ளைங்கன்னா இவ்வளவுதான்னு ஒங்களுக்கு நெனப்பு."

மோகனாவின் கையில் இருந்த சிவப்புப் பேனா நின்றது. "எங்கப்பா ரப்பர் பால்மரம் வெட்டினவரு சார். நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதான்."

சோமு எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலையே மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலைவர் அவர்தான். மலாயில், ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை எழுதி, மூன்றாம் முறை சுத்தப் பிரதி எடுத்தார். புதிய ஆசிரியை வேண்டுமென்றே எங்கள் பிள்ளைகளைத் தாழ்த்தி மதிப்பிடுகிறார், எங்கள் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்று கடைசி வரி முடிந்தது. அந்த வரியை மனைவி குமுதாவிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

ரவாங் ஊர்த் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த குமுதா, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. அவள ஒருவாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டியா?" என்றாள்.

"எதுக்கு? அதான் அறிக்கை இருக்கே."

பதினான்கு பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டார்கள். உமாபதியும் போட்டான்.

மூன்று வாரம் கழித்துத் தலைமையாசிரியர் புஷ்பவள்ளி சோமுவை அழைத்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். சோமு உள்ளே வந்ததும் அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒங்க கடுதாசி வேலை செஞ்சிருச்சு சோமு. வியாழக்கிழமை நஸீர் வர்றாங்க."

நஸீர் என்றால் பள்ளிகளைச் சோதிக்க அரசாங்கம் அனுப்பும் ஆய்வாளர்கள். சோமுவுக்கு மகிழ்ச்சிதான்.

"வரட்டும் டீச்சர். அதத்தானே கேட்டோம்."

"இந்த வருஷ மதிப்பீட்ட மட்டும் பாக்க வரல. போன வருஷக் கோப்பையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க." புஷ்பவள்ளி மேசைமேல் இருந்த காகித எடையை நகர்த்தி, மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தார். "போன வருஷம் போட்ட அஞ்செல்லாம் நான் போட்டது சோமு."

"நீங்க போட்டதுதானே? நீங்கதான் வகுப்பெடுத்தீங்க."

"பாத்துப் போடல. சும்மா போட்டேன். எல்லாருக்கும்."

"எல்லா வகுப்புக்குமா?"

"சரணுக்குக்கூட."

மேலே விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. புஷ்பவள்ளி மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் பொறந்த தோட்டத்துல, துரை சுத்திப் பாக்க வர்றாருன்னா மொத நாளு லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. முன்பக்கம் மட்டும். பின்னால கூரை ஒழுகிக்கிட்டே இருக்கும். துரை கார்ல இருந்தபடியே பாத்துட்டு, லயம் நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு. நானும் அதத்தான் செஞ்சேன். மேலேர்ந்து நம்பர் கேக்குறாங்க. கொறைஞ்ச நம்பர் அனுப்புனா, சின்னப் பள்ளி, புள்ளைங்க படிக்கல, வேற பள்ளியோட சேத்துரலாம்னு சொல்லுவாங்களோன்னு பயம். நம்ம புள்ளைங்கள யாரும் கொறைவா பேசக்கூடாதுன்னு ஒரு வீம்பு."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு நடத்தத் தனி ஆசிரியரும் மானியமும் வேண்டும் என்று பள்ளி மூன்று முறை விண்ணப்பித்திருந்தது. மூன்றாம் முறை வந்த பதில் அது. உங்கள் பதிவுகளின்படி உங்கள் பள்ளியில் உதவி தேவைப்படும் மாணவர் எவரும் இல்லை. ஒதுக்கீடு வேறு பள்ளிக்கு வழங்கப்பட்டுள்ளது.

சோமு அதை இரண்டு முறை படித்தார்.

"வியாழக்கிழமை ஒங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார் புஷ்பவள்ளி. குரல் தாழ்ந்திருந்தது. "புள்ள வீட்டுல நல்லா வாசிக்கிறான்னு நீங்க சொன்னா போதும். மோகனாவ வேற பள்ளிக்கு மாத்துவாங்க. சின்னப் பொண்ணு, எங்க போனாலும் பொழைச்சிக்குவா. எனக்கு ஏழே மாசம்தான் சோமு."

முப்பது வருடமாக அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்ட பெண்மணி அவர். சோமு அந்தக் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது விஷாலினி வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டை மைலோ பானத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். சோமு உள்ளே போய்ச் சென்ற ஆண்டுத் தமிழ்ப் பாடநூலைத் தேடி எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பாடத்தப் படி பாப்போம்."

விஷாலினி படித்தாள். ஆற்றங்கரையில் மின்மினிகள் பார்க்கப் போன ஒரு குடும்பத்தைப் பற்றிய பாடம். நிற்காமல், திக்காமல், ஏற்ற இறக்கத்தோடு வந்தது. சோமுவுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு ஏதோ தோன்றி, உள்ளங்கையால் பக்கத்தை மூடினார். விஷாலினி நிறுத்தவில்லை. குடும்பம் படகில் ஏறியது, மின்மினிகள் மின்னின, எல்லோரும் வீடு திரும்பினார்கள். எல்லாம் அவர் உள்ளங்கைக்கு அடியிலேயே நடந்து முடிந்தது.

சோமு கையை எடுக்க மறந்து அப்படியே இருந்தார். பிறகு அன்றைய நாளிதழை எடுத்து, செம்பனை விலை பற்றிய ஒரு செய்தியைக் காட்டினார்.

"இதப் படி."

இப்போது விஷாலினி பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். "செம்... செம்பனை வி... விலை. செம்பனை விலை மீ... மீண்..." விரல் நின்றது. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. சோமுவுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. "மீண்டும்! மீண்டும் உ... உயர்ந்தது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மீண்டும் உயர்ந்தது. வெல ஏறிருச்சுப்பா!"

"போன வருஷம் எல்லாம் வேகமா படிச்சியேம்மா?"

"அது மனப்பாடம்பா. பெரிய டீச்சர் படிக்கப் படிக்கக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். இப்பத்தான் வாசிக்கிறேன்." பிஸ்கட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ஜனவரியில ரெண்டு. இப்ப மூணு. தீபாவளிக்குள்ள நாலு வந்துரும்னு மோகனா டீச்சர் சொன்னாங்க. மலாய்தான் ரெண்டுலயே நிக்குது. அது கஷ்டம்லா."

அவள் குரலில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. தான் மரத்தில் எத்தனையாவது கிளையில் நிற்கிறோம், கீழேயிருந்து எவ்வளவு ஏறி வந்திருக்கிறோம் என்று சரியாகத் தெரிந்தவளின் குரல் அது. பதினாறு வருடமாக யாரும் தன் கண்ணை ஏமாற்றியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சோமு, தன் வீட்டுப் பிள்ளையை ஒருநாளும் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

குமுதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, கேட்டாச்சா?"

"கேட்டாச்சு" என்றார் சோமு.

வியாழக்கிழமை காலை பள்ளிக் கொட்டகையில் இருபது பெற்றோர்களாவது கூடிவிட்டார்கள். நஸீர் வரும் செய்தி அசாம் ஜாவா வரைக்கும் போயிருந்தது. வந்தவர்கள் இருவர். ஒருவர் நடுவயது மலாய் அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மையார். இன்னொருவர் தமிழ்மொழிப் பகுதியைப் பார்க்கும் புவனேசன். அலுவலக அறையில் இரண்டு வருடக் கோப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன. ஒரு கோப்பில் எல்லாம் ஐந்து. இன்னொன்றில் ஒன்று, இரண்டு, மூன்று, எங்கோ ஒரு நான்கு. புஷ்பவள்ளி ஓர் ஓரத்திலும் மோகனா இன்னோர் ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். மோகனாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"நீங்கதானே புகார் எழுதினது?" என்றார் புவனேசன். "ஒங்க மக வீட்டுல எப்படி? நல்லா வாசிக்கிறாளா?"

புஷ்பவள்ளி மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோமுவும் அந்தக் கைகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். நல்லா வாசிக்கிறா சார். அவ்வளவுதான். பெரிய டீச்சர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போவார். மகள் ஐந்தாகவே இருப்பாள்.

"வாசிக்கிறா சார்" என்றார் சோமு. "மெதுவா வாசிக்கிறா. வெரல் வச்சு, எழுத்துக் கூட்டி. தெரியாத எடத்துல நிக்கிறா. நின்னு யோசிச்சு அப்புறம் சொல்றா. அது மூணுதான் சார். டீச்சர் போட்டது சரி."

"அப்ப இந்தக் கடிதம்?"

"பாக்காம எழுதிட்டேன். திரும்ப வாங்கிக்கிறேன். டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், அத இங்கயே கேட்டுர்றேன்." அவர் மோகனாவைப் பார்த்துக் கைகூப்பினார். மோகனா பதறி எழுந்து நின்றாள்.

"போன வருஷம் அஞ்சுன்னு இருக்கே, அது எப்படி?" என்று சோமுவிடம் கேட்டார் புவனேசன்.

சோமு வாயைத் திறக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி எழுந்து நின்றிருந்தார். முதலில் தமிழிலும், பிறகு அந்த அம்மையாருக்காக மலாயிலும், நடந்ததை முழுவதுமாகச் சொன்னார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டியிருக்கும், அது இலாகாவுக்குப் போகும் என்றார். "தருகிறேன்" என்றார் புஷ்பவள்ளி.

அதன் பிறகு அதிகாரிகள் வகுப்பு வகுப்பாகப் போய், தாங்கள் கொண்டுவந்திருந்த பகுதிகளை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சோமு நான்காம் ஆண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். விஷாலினியின் முறை வந்தது. அதுவரை அவள் பார்த்திராத ஒரு மலாய்ப் பக்கம். விரல் எழுத்துகளின்மேல் ஊர்ந்தது. ஒரு நீளமான சொல்லில் நின்றாள். அம்மையார் காத்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த சோமுவின் கை வலித்தது. விஷாலினி அந்தச் சொல்லை இரண்டாக உடைத்துச் சேர்த்துச் சொன்னாள், தொடர்ந்து போனாள், கடைசிப் புள்ளியில் விரலை எடுத்தாள்.

வெளியே வந்த அம்மையார் சோமுவிடம் மலாயில் சொன்னார். "உங்கள் மகள் யூகித்துச் சொல்வதில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறாள். இந்த வயதில் அது பெரிய விஷயம்."

ஐந்து ஐந்தாக நிறைந்த அறிக்கை வந்த நாளில்கூடச் சோமுவுக்கு இப்படி இருந்ததில்லை. நன்றி சொல்லித் தலையை ஆட்டினார்.

மத்தியானத்துக்குள் சோதனை முடிந்தது. நான்காம் ஆண்டில் மோகனா போட்டதற்கும் அதிகாரிகள் போட்டதற்கும் ஓர் எண்கூட மாறவில்லை. மற்ற வகுப்புகளிலும் இந்த ஆண்டு எல்லா ஆசிரியர்களும் பார்த்தே போட்டிருந்தார்கள். பார்க்காமல் எண் போடக்கூடாது என்று ஜனவரியில் ஆசிரியர் அறையில் மோகனா எழுப்பிய சண்டையின் பலன் அது என்று பிறகு தெரிந்தது. புவனேசன் கொட்டகைக்கு வந்து பெற்றோர்கள் முன் நின்றார். பள்ளி முழுவதும் பதினொரு பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு தேவைப்படுகிறது, இந்தப் பதிவோடு போனால் ஆசிரியருக்கும் மானியத்துக்கும் இம்முறை வழி இருக்கிறது, ஆனால் பெற்றோர் சம்மதித்து விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது.

"மக்கு வகுப்பா?" என்றது ஒரு குரல்.

"போட்டா ஊரே பேசும்லா."

"நம்ம புள்ளைங்களுக்கு என்ன கொறைச்சல்?"

யாரும் முன்னால் வரவில்லை. மேசையில் பாரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தார். எழுதும் வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார். ஒரு காகிதம் காற்றில் பறக்கப் பார்த்தது, மோகனா அதைக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

சோமு எழுந்து மேசைக்குப் போனார். ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அவருடையது. அந்தக் குரலிலேயே சொன்னார்.

"எழுதிக்குங்க டீச்சர். விஷாலினி, நாலாம் ஆண்டு. தமிழ் மூணு. ஜனவரியில ரெண்டு, இப்ப மூணு. மலாய் ரெண்டு. அதுக்குத்தான் இந்த வகுப்பு. எங்க போடணும் கையெழுத்து?"

புஷ்பவள்ளி இடத்தைக் காட்டினார். சோமு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசையில் வைக்காமல் கூட்டத்தைப் பார்த்து நீட்டினார்.

உமாபதி கொட்டகைத் தூணிலிருந்து முதுகை எடுத்தான். "கொடுங்கண்ணே" என்று வந்து வாங்கிக்கொண்டான். "சரண். ரெண்டு, ரெண்டு. பெருசாவே எழுதிக்குங்க டீச்சர், நானும் ஒங்ககிட்ட அந்த லட்சணத்துலதான் படிச்சேன்." கொட்டகை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. புஷ்பவள்ளியும் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

அவனுக்குப் பின்னால் இருவர் எழுந்தார்கள். பிறகு நால்வர். வரிசையின் கடைசியில் பிரமிளா நின்றாள், இரண்டாம் ஆண்டில் படிக்கும் பவனேஷின் அம்மா. அவள் முறை வந்தபோது குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"பவனேஷ். தமிழ் ஒண்ணு."

புஷ்பவள்ளிக்கும் கேட்கவில்லை. "என்னம்மா?"

பிரமிளா திரும்பி, கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றவர்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. விஷாலினி அப்பாவின் கையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு டீச்சர்" என்றாள் பிரமிளா, இந்த முறை கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "எம்மகன் ஒண்ணுல இருக்கான். எழுதுங்க."

புஷ்பவள்ளி எழுதினார்.